அந்தக் கூடையைக் கட்டியது நான்

நைனா, உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்தபோது நான் வலைமேல் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே பிரித்தேன். சென்னையில் அடுத்த மாதம் கூடும் கருவாட்டு வியாபாரிகள் மாநாட்டுக்குத் தூத்துக்குடிக் கம்பெனியின் பிரதிநிதியாக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த அஞ்சலைக்கும் மற்ற பெண்களுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். அடுத்த வரிக்குப் போனதும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நீ போகப்போவதில்லையாம். வேறு யாரையாவது அனுப்பும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டாயாம். "ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் கவனமில்லாமல் கட்டிய கூடையால் நம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலைகுனிந்தார்கள், அதே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எந்த முகத்தோடு வருவது" என்று கேட்டிருந்தாய். அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இத்தனை வருஷமும் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு உண்மை தெரியும், தெரிந்துதான் அம்மாவுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் பொங்கல் நீ வந்து போனாய், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதை உன் பெரிய மனசு என்று எண்ணி உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். நீ வாயைத் திறக்காதது வெட்கத்தால் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. செய்யாத தப்புக்கு ஐந்து வருஷம் வெட்கப்பட்டிருக்கிறாய். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கட்டிய கூடையில் பொட்டு மணல் இல்லை. அன்று விடிகாலையில் அதைப் பிரித்து, பாதிக்குமேல் எடுத்துவிட்டு, வேறு சரக்கை அடியில் போட்டு மறுபடி கட்டியது நான். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஐந்து வருஷத்துக்கு முன்னால்வரை வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே மாநாடு கூட்டிக்கொள்வார்கள். உலர்த்துகிறவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வருஷம் யாரோ ஒரு அதிகாரி, கருவாடு போடுகிறவர்களும் வந்து உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது, நம் காத்திவாக்கத்துக்கு இரண்டு பேட்ஜ் வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் அதைத் தொடவில்லை. "கருவாடு பொம்பளைங்க சமாச்சாரம், நீங்களே போய்க்கினு வாங்க" என்று உன் அப்பாவே சொன்னார். நான் திருவொற்றியூர்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், நோட்டீசு வாசிக்கத் தெரியும் என்பதால் ஒரு பேட்ஜ் எனக்கு. யாருக்கும் பயப்படாத வாய் என்பதால் இன்னொன்று அஞ்சலைக்கு. நீ எங்களோடு வந்தது கூடை தூக்க மட்டும் இல்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்தவர் உன்னைத் தராசு பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், மாநாட்டன்று நேரில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படித்தால் அவருக்கே தெரியும்.

மாநாட்டில் என்ன தீர்மானம் வரப்போகிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கொழும்புக்குப் போகும் நெத்திலியை இனிமேல் மணலில் உலர்த்தக் கூடாது, சிமெண்டுக் களத்தில் உலர்த்தியதை மட்டும்தான் வாங்குவோம் என்பது தீர்மானம். சிமெண்டுக் களம் யாரிடம் இருந்தது? வியாபாரிகளிடம் இருந்தது. கடல் மணல் ஒன்றுதான் நம்மிடம் இருந்தது. தீர்மானம் நிறைவேறினால் சொந்தமாகக் கருவாடு போட்டு விற்ற பெண்கள் அவர்கள் களத்தில் தினக்கூலிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். நம் சரக்கிலும் மண் இல்லை என்று அங்கே காட்டிவிட்டால் தீர்மானம் படுத்துவிடும் என்று நீதான் யோசனை சொன்னாய். சொன்னதோடு நிற்கவில்லை. நாலு சவுக்குக் கழியை நட்டு, பழைய வலையை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, அதன்மேல் நெத்திலியைப் பரப்பினாய். ஊரே உன்னைக் கேலி செய்தது. "மீனுக்குத் தூளி கட்டிகினு கீறான் பாரு, தாலாட்டு பாடுவான் போல" என்றாள் அஞ்சலை. நானும் சேர்ந்து சிரித்தேன். நீ மூன்று நாள் வெயிலில் நின்று, காக்கையை விரட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோணியில் சேர்த்து, கடைசியில் கூடையை நிரப்பினாய். கூடையின் வாயைத் தைத்து முடித்தபோது உன் முகத்தில் இருந்த திருப்தியை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அதைச் செய்தேன், அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விடிகாலையில் நீ குளிக்கப் போயிருந்தாய். கூடை வாசலில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அடிவரை ஒரே சீராக, வெள்ளி மாதிரி இருந்தது. என் மனம் என்ன சொன்னது தெரியுமா? இவ்வளவு நல்ல சரக்கை அடியில் போட்டு வீணாக்கலாமா, எவன் அடியைப் பார்க்கப்போகிறான் என்றது. மேலே ஒரு சாண் உயரத்துக்கு உன்னுடையதை வைத்தேன். மிச்சத்தை எடுத்துத் தனியாகக் கோணியில் போட்டுவிட்டு, மணலில் காய்ந்த சாதாரணச் சரக்கை அடியில் நிரப்பினேன். நீ தைத்த மாதிரியே தைத்தேன். கொஞ்சம்கூடத் திட்டம் போடவில்லை. இருபது வருஷமாக ஒவ்வொரு கூடையையும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன், என் மாமியாரும் அப்படித்தான் கட்டினாள், அந்தக் கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டினார்கள். கிடங்கு ஏஜெண்டு வருவான், மேலே ஒரு கை அள்ளிப் பார்ப்பான், எடை போடுவான். நல்லதுக்கும் ஒரே விலை, மட்டத்துக்கும் ஒரே விலை. சலித்துப் பொறுக்கினால் ஒரு நாள் வேலை போகும், அதற்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. பிறகு எவள் பொறுக்குவாள்? நல்லதை மேலே போடுவது எங்களுக்குத் திருட்டாகவே தோன்றியதில்லை, கை தானாகச் செய்யும். ஆனால் அன்று அது சந்தைக்குப் போன கூடை இல்லை. அத்தனை பெண்களுக்காகவும் சாட்சி சொல்லப்போன கூடை. அந்த வித்தியாசம் என் புத்திக்கு எட்டவில்லை.

எண்ணூரில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கித் தங்கசாலை வரை நடந்தோம். சீயக்காய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போயிருந்தோம். இருந்தும் ரயிலில் எதிரே இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அஞ்சலை ஒரு பார்வை பார்த்ததும் அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் எல்லோருக்கும் பன்னீர் தெளித்தார்கள், எங்கள் மேல் மட்டும் இரண்டு தடவை தெளித்தார்கள். மண்டபத்துக்காரர் சைவமாம். உள்ளே மீன் சம்பந்தப்பட்ட எதுவும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் வாடகைக்கு விட்டாராம். கருவாட்டு மாநாட்டுக்குள் கருவாடு நுழையக் கூடாது. மாதிரிச் சரக்கெல்லாம் மெழுகு வைத்து மூடிய கண்ணாடி ஜாடிக்குள் மேஜைமேல் இருந்தது. வாசலில் நின்றவர் நம் கூடையைக் கண்டதும், "இத்த எங்க இட்டாறே, கொல்லப்பக்கம் கொண்டுபோய் வை" என்றார். நீ அதைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனாய். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நாற்காலியில் அப்படி வரிசையாக உட்கார்ந்து கூட்டம் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் இங்கிலீஷில் பேசினார்கள். எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன். எதற்குத் தட்டினோம் என்று அஞ்சலை கேட்டாள்.

சுகாதாரத்தைப் பற்றி ஒருவர் தமிழில் பேசினார். கடற்கரைப் பெண்கள் மணலோடு சேர்த்து அள்ளுகிறார்கள், எடை கூடட்டும் என்று வேண்டுமென்றே மண் சேர்க்கிறார்கள், கொழும்பில் நம் மானம் போகிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன். தலைவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "மண்ணு கீதுன்னு நீங்களா சொல்லிகினு இருந்தா எப்டி? எங்க கூடை பின்னாடி கீது. கொட்டிப் பாருங்க. மண்ணு இருந்தா நீங்க சொல்ற தீர்மானத்துக்கு நானே கை தூக்குறேன்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் காலையில் நான் செய்த காரியம் எனக்கு நினைவிலேயே இல்லை. நீ மூன்று நாள் நின்று பொறுக்கிய கூடையைத்தான் மனசில் வைத்துக்கொண்டு சவால் விட்டேன். ஐம்பது அறுபது பேர் நாற்காலியை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் வந்தார்கள். சமையல் அண்டா கழுவும் இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார்கள். கூடையின் தையலைக் கத்தியால் அறுக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கல்மண்டபத்துக் கிடங்குக்காரரே கூடையைக் கவிழ்த்தார். அடியில் இருந்த சரக்கு குவியலின் மேலே வந்தது. வேட்டி பழுப்பாயிற்று. அவர் கையால் அள்ளி, விரல் இடுக்கில் மணலை வழியவிட்டார். "இன்னாமா இது, காத்திவாக்கம் பீச்சையே கூடையில கட்டிகினு வந்துகீறே" என்றார். கொல்லை முழுக்கச் சிரிப்பு. அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். அப்போது நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே விலை கொடுத்து எங்களை இப்படிக் கட்டப் பழக்கியது நீங்கள்தான், ஆமாம் நான்தான் கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது, நியாயமும் இருந்தது. எனக்கு வந்த வார்த்தை வேறு. "எனக்குத் தெரியாது மொதலாளி, பையன் கட்டினான்" என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாய். வேட்டியில் கிடந்ததைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "ஆமாங்க, நாந்தான் கட்டினேன். கோணி மாறிப்போச்சி போலகீது" என்றாய். அவர் உன் தோளில் கைவைத்து, "ஒரு கூடையைப் பாத்துக் கட்டத் தெரியல, உன்னை எப்டி என் தராசாண்ட நிறுத்தறது" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். அஞ்சலை ஒருத்திதான் தூக்கினாள். என் கை மடியை விட்டு எழவில்லை. ரயிலில் திரும்பும்போது நீ கதவோரம் நின்றபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். அஞ்சலை என் காதோடு கேட்டாள்: "மண்ணு கூடையிலதானே இருந்துச்சி, உன் கையில இன்னா இருந்துச்சி?" கூடையைக் கட்டியது யார் என்று அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது. நீ கட்டியதை அவளும் பார்த்தவள்தானே. ஒரு மாதம் கழித்து நீ தூத்துக்குடிக்குப் போனாய். ராயபுரத்தில் உன்னை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை, மணல் கூடைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் உனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வண்டி கிளம்புகிற வரை தண்ணீர் குடி, பெட்டியைப் பார்த்துக்கொள் என்று எதையெதையோ சொன்னேனே தவிர அதைச் சொல்லவில்லை.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். மணலுக்காக நான் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்பட மாட்டேன். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கடற்கரை மணலில்தான் மீன் காய்ந்து வந்தது. கூலி கொடுக்காத வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு, அதைச் செய்யவில்லை என்று எங்களையே அழுக்குப் பெண்கள் என்று சொன்ன மண்டபம் அது. அந்த மண்டபத்தை நான் மதிக்கவில்லை. மண் சேர்த்து எடை கூட்டினோம் என்றது அபாண்டம். மணலிலிருந்து பெருக்கி அள்ளும்போது ஒட்டி வந்த மண் அது. இதெல்லாம் இன்னும் நூறு பேர் முன்னால் சொல்வேன். என் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. உன் கூடையை அப்படியே விட்டிருந்தால் அன்று அந்த வேட்டி வெள்ளையாகவே இருந்திருக்கும், தீர்மானம் அங்கேயே செத்திருக்கும். அதைக் கெடுத்தேன். கெடுத்ததை உன்மேல் போட்டேன். போட்டதை ஐந்து வருஷம் உன்மேலேயே விட்டு வைத்தேன். முதலாவது பழக்கதோஷம். இரண்டாவது பயம். மூன்றாவதுக்கு என்னிடம் பெயர் இல்லை, அதுதான் மூன்றிலும் மோசம்.

அதன் பிறகு இங்கே நடந்தது உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. யாரும் அவர்கள் சிமெண்டுக் களத்துக்குக் கூலிக்குப் போகக் கூடாது என்று பெண்கள் முடிவு செய்தோம். அஞ்சலைதான் முதலில் சொன்னாள்: "அவன் தரையில குந்தி நம்ம மீனைப் பொறுக்கறதுக்கு நான் கடல்லயே வுழுவேன்." இரண்டு வருஷம் கும்மிடிப்பூண்டி ரயிலில் கூடையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சில்லறையில் விற்றோம். பல நாள் கஞ்சிதான். ஒரு நாள் நான் உன் நாலு கழியையும் மறுபடி நட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இன்று கரை முழுக்க வலைப் பந்தல்தான், எழுபது குடும்பம் அதன்மேல் உலர்த்துகிறது. சங்கம் வைத்தோம், நான் செயலாளர். கொழும்புக்காரர்கள் இந்தச் சரக்கைக் கேட்க ஆரம்பித்ததும் கல்மண்டபத்திலிருந்து தானாக ஆள் வந்தது. பொறுக்கியதுக்கு ஒரு விலை, பொறுக்காததுக்கு ஒரு விலை என்று பேசினோம். இப்போது எவளும் நல்லதை மேலே போடுவதில்லை, அதற்குத் தேவை இல்லை. சென்ற வருஷம் யாரோ பத்திரிகையிலிருந்து வந்து, இந்த வலை யோசனை யாருடையது என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அப்போதும் நான் பேசாமல் இருந்தேன். இதோ எழுதுகிறேன், அது உன்னுடையது.

உன் கடிதம் வந்த மறுநாள் கல்மண்டபத்துக்குப் போனேன். கிடங்குக்காரர் நாற்காலி போடச் சொன்னார், இப்போதெல்லாம் போடுவார். நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு அந்தக் கூடையைக் கட்டினது நானு. என் புள்ள கட்டினது சுத்தமா இருந்துச்சி." அவருக்கு முதலில் எந்தக் கூடை என்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும், "அப்ப அவன் ஆமான்னானே?" என்றார். "பெத்தவ சொன்னா புள்ள ஆமான்னுதான் சொல்லும்" என்றேன். "சரி, வுடுமா. பழசைக் கிளறிகினு இன்னாத்துக்கு பேஜாரு? நான் மனசுல வச்சிக்கல" என்றார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. "நீங்க மனசுல வச்சிக்காட்டி இன்னா, என் புள்ள வச்சிகினு கீறானே. அறுபது பேரு முன்னாடி சொன்னதை உங்க ரூமுல குசுகுசுன்னு சொல்லிட்டுப் போனா ஆச்சா?" என்று கேட்டேன். மாநாட்டில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க முடியாது, நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ முதல்முதலாக மாநாட்டுக்குப் போகிறவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன், எல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கடைசி வரிசையில் உட்காராதே, அங்கே கொசுவும் கூச்சமும்தான் இருக்கும். புரியாத பேச்சுக்குக் கைதட்டாதே. இங்கிலீஷில் பேசினால் எழுந்து, தமிழில் சொல்லுங்கள் என்று கேள், யாராவது கேட்கட்டும் என்று பக்கத்தில் பத்துப் பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். முக்கியமான தீர்மானத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொண்டுவருவார்கள், வடை பாயசத்தை அளவாகச் சாப்பிடு. கூட நின்று சிரிக்கிறவர்களையும் தனியாகக் கை தூக்குகிறவர்களையும் கவனித்து வைத்துக்கொள், பின்னால் யாரை நம்புவது என்பது அதில் தெரிந்துவிடும். நீ கொண்டுபோகும் மாதிரிச் சரக்கை நீயே கட்டு, நீயே தூக்கு, பெற்றவளாக இருந்தாலும் தொட விடாதே. தப்பு உன்னுடையதாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடு. ஒரு நிமிஷம்தான் எரியும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

இதை எழுதி முடித்ததும் அஞ்சலைக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "இம்மா நாளு கயிச்சி இன்னாத்துக்குமே? புள்ளைக்கி மட்டும் தபால்ல அனுப்பிடு, ஊருக்குத் தெரிய வேணாம். நீ சங்கத்து செயலாளரு, நாளைக்கி ஒருத்தி மதிப்பாளா?" என்றாள். மதிக்காவிட்டால் வேறு செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் எழுந்து போய், சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் இன்னொரு தடவை வாசித்தேன். பாதியில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றைய தீர்மானத்தால் அதிகம் அடிபட்ட குடும்பங்கள், போகட்டும், அவர்களுக்கு அந்தக் கோபம் உண்டு. மிச்சப் பேர் கடைசிவரை இருந்தார்கள்.

மாநாட்டுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு சங்கமும் அதில் பக்கம் எடுத்து வாழ்த்துச் செய்தி கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நம் சங்கம் நாலு பக்கம் எடுத்திருக்கிறது. பெண்களின் சம்மதத்தோடு, வாழ்த்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். அச்சகத்துக்காரர் படித்துவிட்டு, "இது மாநாட்டு மலரும்மா, கடுதாசியெல்லாம் எப்டிப் போடறது" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எங்கள் செய்திதான் வரும், ஒரு எழுத்து மாறினாலும் நாலு பக்கத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். எழுத்துக் கோத்து முடித்துவிட்டார்கள், மெய்ப்பை நானே உட்கார்ந்து படித்தேன், அஞ்சலைக்கு வாசித்ததிலிருந்து வரும் இந்தக் கடைசி வரிகளையும் அப்போதுதான் சேர்க்கச் சொன்னேன். உனக்குத் தபாலில் வந்திருப்பது அதன் நகல். மாநாட்டன்று காலையில் வாசலிலேயே ஆளுக்கொரு மலர் கொடுத்துவிடுவார்கள். தலைவர் பேசி முடிப்பதற்குள் கிடங்குக்காரரிலிருந்து அதிகாரி வரை எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள்.

ஆகையால் முதலாளியிடம் போய், நானே போகிறேன் என்று இன்றே சொல். உன்னிடம் அங்கே யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்பதாக இருந்தால் என்னைக் கேட்கட்டும். சங்கத்துப் பிரதிநிதியாக நானும் வருகிறேன், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன், எங்கே என்று தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. நீ வந்து என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உனக்கு என்மேல் கோபம் இருந்தால் தள்ளி உட்கார், பேசாமலேயே ரயில் ஏறிப் போ, அது உன் நியாயம். ஆனால் தலை நிமிர்ந்து உள்ளே வா. குனிய வேண்டிய தலை உன்னுடையது இல்லை, நானும் குனியப்போவதில்லை, எழுந்து நின்று ஆமாம் நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

உன் அம்மா,
காத்திவாக்கத்துக் கருவாட்டுக்காரி